வேர்க்காத சட்டை

ஜூன் 7, ஞாயிறு

அன்புள்ள பம்பரத்துக்கு,

நீ போய் மூன்று வாரம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை விடுதியில் தரும் ஐந்து நிமிட போனில் அம்மாவிடம் மட்டும் பேசிவிட்டு வைத்துவிடுகிறாய். நான் பக்கத்தில்தான் நிற்கிறேன் என்று உனக்குத் தெரியும். அதனால்தான் முடிக்கும்போது, "எல்லாரையும் கேட்டேன்னு சொல்லும்மா" என்று கொஞ்சம் சத்தமாகச் சொல்கிறாய். இந்த வீட்டில் அம்மாவைத் தவிர 'எல்லாரும்' என்று இருப்பது நான் ஒருத்திதான்.

கடிதத்துக்கு உங்கள் கால்பந்துப் பள்ளியில் தடை இல்லையாம். ஆகவே எழுதுகிறேன். கடிதத்தில் ஒரு வசதி, போன் மாதிரி பாதியில் வைத்துவிட முடியாது. கிழிக்கலாம். ஆனால் நீ படித்துவிட்டுத்தான் கிழிப்பாய், உன்னை எனக்குத் தெரியும்.

உன் பழைய பூட்ஸ் பால்கனியிலேயே கிடக்கிறது. எடுத்து உள்ளே வைக்கப் போனால் அம்மா விடவில்லை. "அவ போட்டது, அவளே வந்து எடுக்கட்டும்" என்கிறாள். மழை வந்தால் மட்டும் அதற்கு மேல் ஒரு வாளியைக் கவிழ்க்கிறாள்.

கிளப்பில் உன் இடத்துக்கு ஒரு சின்னப் பெண் சேர்ந்திருக்கிறாள். நேற்று அவளுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். பயிற்சி முடிந்து அரை மணி நேரம் கழித்து, ஸ்டூல் போட்டு நோட்டோடு உட்கார்ந்திருக்கும் என்னிடம் வரவேண்டும். இன்று எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று பத்துக்குள் ஓர் எண் சொல்லவேண்டும். அதை நான் பயிற்சியின் நிமிடங்களால் பெருக்கி எழுதுவேன். அதுதான் அவள் உடம்பு அன்று சுமந்த சுமை. அவள் கேட்டாள், "பத்துன்னு சொன்னா என்னக்கா ஆகும்?"

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து ஒருத்தி, "மூணு நாள் சொன்னா ஃபைனல்ல உட்கார வெச்சுடுவாங்க" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. எல்லாரும் தங்கள் ஷூ லேஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஏப்ரலில் நடந்ததைப் பற்றி எழுதப் போவதில்லை. உன் பெயருக்கு நேரே சிவப்புப் புள்ளி வைத்தது நான். உட்கார வைத்தது கோச். அவ்வளவுதான்.

இதனுடன் ஓர் அட்டை வைத்திருக்கிறேன். தினமும் காலையில் ஐந்து எண்கள்: தூக்கம், வலி, சோர்வு, பசி, மனநிலை. நிரப்பி அனுப்பு. கோபமாக இருந்தாலும் நிரப்பலாம், அதற்கும் கட்டம் இருக்கிறது.

உன்,
அக்கா


ஜூன் 15, திங்கள்

நோட்டக்காவுக்கு,

'அன்புள்ள' போடவில்லை. மறந்துபோய் அல்ல.

வீட்டைவிட்டு வந்த தங்கைக்கு முறுக்கு அனுப்பாமல் ஓர் அட்டையை அனுப்புகிற அக்கா உலகத்திலேயே நீ ஒருத்திதான் இருப்பாய். கிளப் பெண்கள் உனக்கு நோட்டக்கா என்று பேர் வைத்தபோது நான் உனக்காகச் சண்டை போட்டேன். வீண்.

'உட்கார வைத்தது கோச்.' ஆமாம், மழை பெய்தது மேகம், நனைத்தது தண்ணீர்.

அந்த போட்டோவை அம்மா ஹாலில் மாட்டியிருப்பாள். கோப்பையைச் சுற்றிப் பதினெட்டு பேர். மாற்று ஆட்டக்காரிகள்கூடக் கடைசிப் பத்து நிமிஷம் இறங்கினார்கள். பதினேழு சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருக்கும். ஒன்று மட்டும் இஸ்திரி மடிப்புக் கலையாமல் இருக்கும். தோற்றிருந்தாலாவது 'நான் இல்லாமல் தோற்றார்கள்' என்று ஊரெல்லாம் சொல்லியிருப்பேன். மூன்றுக்குப் பூஜ்யம்! கொஞ்சம்கூட மனசாட்சி இல்லாமல் ஜெயித்துவிட்டார்கள்.

இங்கே நன்றாக இருக்கிறது. அறைக்கு எட்டு பேர். எனக்கு மேல் கட்டில், கீழே கோல்கீப்பர். தூக்கத்திலும் எதையாவது பாய்ந்து பிடிப்பாள். நேற்று என் போர்வையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. எங்கள் கோச்சுக்கு விசில் என்று பெயர். வாயிலிருந்து அதை எடுத்ததை யாரும் பார்த்ததில்லை. பிசியோ இருக்கிறாரே, அவர் ஐஸ்கட்டி. கால் வலி என்றாலும் ஐஸ், தலை வலி என்றாலும் ஐஸ். ஒருத்தி வீட்டு ஞாபகம் என்று அழுதாளாம். அவளுக்கும் ஒரு பை கொடுத்து, "இதை வெச்சுட்டு அழு" என்றாராம்.

உன் நோட்டு இங்கே செல்லாது. இங்கே எல்லாம் மிஷின். பயிற்சியின்போது ஒரு கறுப்பு பனியன் போடவேண்டும். அதன் முதுகில் சோப்புக்கட்டி அளவு ஒரு பெட்டி. எத்தனை கிலோமீட்டர் ஓடினோம், என்ன வேகம், எல்லாம் அது சொல்லிவிடும். தினமும் சாயங்காலம் அறுபத்திரண்டு பேர் ஓடிய தூரத்தையும் வரிசைப்படுத்தி சாப்பாட்டு அறைக் கதவில் ஒட்டுகிறார்கள். முதல் மூன்று பேருக்கு வரிசையில் நிற்க வேண்டாம், நேராகப் போய்த் தட்டை எடுக்கலாம். முதல் இடம் எப்போதும் எக்ஸ்பிரஸுக்குத்தான். இடது பக்கம் ஆடுகிறவள், ரயில் மாதிரி போவாள். நான் நேற்று இருபத்தேழாவது. ஆகஸ்ட் ஒன்றாம் தேதி பதினெட்டு பேர் அணி அறிவிப்பார்கள். அதில் இல்லாதவர்கள் சீசன் முடிந்ததும் மூட்டையைக் கட்டவேண்டியதுதான். நான் கட்டமாட்டேன்.

இன்னொரு ஆள் உண்டு. புல் வெட்டுகிற அண்ணனின் நாய். பேர் பிரேக். கூப்பிட்டால் நிற்கும் என்று நம்பி வைத்த பேராம்.

அட்டை இணைப்பு. தூக்கம் 10. வலி 0. சோர்வு 0. பசி 10. மனநிலை, உன் கடிதம் வரும்வரை 10. ஆறாவதாக நானே ஒரு கட்டம் போட்டிருக்கிறேன்: ஓடிய தூரம், அதிக வேகம். உன் ஸ்டூலும் நோட்டும் இல்லாமலே எண் வரும் என்று உனக்குத் தெரியட்டும்.

நனையாத பதினேழாம் நம்பர் சட்டை


ஜூன் 23, செவ்வாய்

அன்புள்ள பம்பரத்துக்கு,

'அன்புள்ள' நான் போடுவேன். என் கடிதம், என் உரிமை.

உன் அட்டையை அம்மா பார்த்துவிட்டு, "பசி பத்தா? அப்ப கொழந்தை நல்லா இருக்கா" என்று சந்தோஷமாக மடித்து பீரோவில் வைத்துவிட்டாள். நான் மறுபடி எடுத்துப் பார்த்தேன். அதிக வேகம் மணிக்கு 25, 26, 25. அது நீதான், எனக்குத் தெரிந்த நீ. வலி மட்டும் எல்லா நாளும் பூஜ்யம். இங்கே வாரத்துக்கு நான்கு பயிற்சி. அங்கே ஒன்பது என்று அம்மாவிடம் சொன்னாயாம். ஒரே மாதத்தில் இரண்டு மடங்குக்கு மேல். அப்படி ஏறினால் எங்காவது வலிக்கும். வலிக்கலாம், அது தப்பில்லை. எங்கும் வலிக்கவில்லை என்று ஒருத்தி எழுதினால்தான் எனக்கு உறுத்துகிறது.

ஏப்ரலைப் பற்றி எழுதமாட்டேன் என்றேன். எழுதுகிறேன்.

ஃபைனலுக்கு முந்தைய மூன்று பயிற்சியிலும் நீ சொன்னது ஒன்பது, ஒன்பது, பத்து. மற்றவர்கள் அதே பயிற்சிக்கு ஐந்தும் ஆறும் சொன்னார்கள். தூக்கம் மூன்று என்று எழுதியிருந்தாய். தட்டில் பாதி அப்படியே இருந்தது. வேறு எந்தப் பெண்ணுக்கு அந்த வரிசை இருந்திருந்தாலும் நான் சிவப்புப் புள்ளி வைத்திருப்பேன். தங்கை என்பதால் வைக்காமல் விட்டிருந்தால் அதுதான் அநியாயம்.

பதினேழு வயதில் ஆறு வாரம் கால் வலியை மறைத்துக்கொண்டு ஆடியவள் நான். ஏழாவது வாரம் எலும்பு விட்டுக்கொடுத்துவிட்டது. உனக்கு ஒன்பது வயது. என் ஊன்றுகோல் இரண்டையும் ஹாலில் கோல்போஸ்ட்டாக நட்டு ஆடினாய், நான் பாத்ரூம் போகவேண்டுமென்றால் உன் ஆட்டத்தின் பாதி நேரம் வரும்வரை காத்திருக்கவேண்டும். நீ அதைச் சிரிப்பாக நினைவு வைத்திருக்கிறாய். நல்லது. நான் அதற்கப்புறம் ஆடவில்லை. அதனால்தான் நோட்டு.

செய்தது சரி என்றுதான் இன்னமும் நினைக்கிறேன். அப்படி நினைக்கிற ஒருத்தி வாரத்துக்கு நான்கு முறை நோட்டில் உன் காலி வரிசையை ஏன் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று மட்டும் தெரியவில்லை.

அக்கா


ஜூலை 5, ஞாயிறு

அக்கா,

உன் கடிதத்தைப் பத்து நாள் தலையணை உறைக்குள் வைத்திருந்தேன். பதில் எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன்.

செய்தது சரி என்கிறாயே, கேள். ஃபைனல் வாரத்துத் திங்கட்கிழமை காலைதான் இந்தப் பள்ளியிலிருந்து எனக்குக் கடிதம் வந்தது. சேர்த்துக்கொண்டோம், மே மாதம் வா என்று. மூன்று வருஷமாக நான் கேட்டுக்கொண்டிருந்தது. வந்ததும் நான்கு தரம் படித்தேன். இவ்வளவு தூரம், அம்மா இல்லாமல், நீ இல்லாமல். வேண்டாம் என்று சொல்லவும் பயம், போகிறேன் என்று சொல்லவும் பயம். அம்மாவிடம் சொன்னால் உடனே பெட்டியை இறக்கித் துடைக்க ஆரம்பித்துவிடுவாள். கடிதத்தைக் காலுறைக்குள் வைத்துக்கொண்டு பயிற்சிக்கு வந்தேன்.

உன் ஸ்டூலுக்கு முன்னால் வந்து நின்றேன். "எவ்ளோ?" என்றாய். "ஒன்பது" என்றேன். எனக்கே தெரியும் அன்றைக்கு ஐந்துதான் என்று. நீ நிமிர்ந்து 'ஏன்டீ?' என்று கேட்பாய், அங்கேயே எல்லாவற்றையும் கொட்டிவிடலாம் என்று நினைத்தேன். நீ எழுதினாய். "அடுத்தது" என்றாய்.

மறுநாளும் ஒன்பது. எழுதினாய். மூன்றாம் நாள் பத்து. பத்து, அக்கா! கொஞ்சம் அழுத்தி எழுதினாய், அவ்வளவுதான்.

சரி, விடு. நல்ல விஷயத்துக்கு வருகிறேன். கதவுப் பட்டியலில் நான் இப்போது மூன்றாவது! ஆமாம், மூன்றாவது. வரிசையில் நிற்காமல் போய்த் தட்டு எடுக்கிறேன். கோல்கீப்பர் பொறாமையில் என் ரொட்டியைப் பாய்ந்து பிடிக்கிறாள். புதனும் வெள்ளியும் சாயங்காலம் தனி ஓட்டம், மைதானத்து வெளிச்சுற்றில், கூட யாரும் வரமாட்டார்கள். அதில்தான் எனக்குத் தூரம் ஏறுகிறது. விசில் என்னைப் பார்த்து ஒரு தரம் தலையை ஆட்டினார். இங்கே அது கைதட்டல் மாதிரி.

புது அட்டை இணைப்பு. மிஷின் திரையில் இருந்தபடியே எழுதியிருக்கிறேன், ஓர் எண்கூட மாற்றவில்லை.

பம்பரம்


ஜூலை 8, புதன்

பம்பரம்,

முதலில் அந்த ஒன்பதைப் பற்றி. இல்லை. முதலில் இது.

உன் அட்டையில் திங்கள், செவ்வாய், வியாழன் எல்லாம் அதிக வேகம் 24, 25. புதன் 38. வெள்ளி 39. அக்கம்பக்கத்தில் கேட்டுப் பார், மணிக்கு முப்பத்தெட்டு கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிற பெண் எந்த நாட்டு அணியிலும் இல்லை. உன் வாழ்நாள் சாதனை 27. அதுவும் அம்மா துடைப்பத்தோடு வந்த அன்று.

கதவில் தூரத்தை மட்டும்தான் ஒட்டுகிறார்கள் போல. வேகத்தை யாரும் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். வேறு வேலை இல்லாதவள்.

பனியன் ஓடியிருக்கிறது. உள்ளே இருந்தது நீ இல்லை. பிரேக் நன்றாக இருக்கிறானா?

திட்டவில்லை. முதலில் வாய்விட்டுச் சிரித்தேன், அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. பம்பரமாவது ஓடாமல் உட்காருவதாவது? ஓட முடிந்தால் நீ நாய்க்கு விட்டுத் தரமாட்டாய், நாயோடு போட்டிதான் போடுவாய். எங்கே வலிக்கிறது?

முழங்காலுக்குக் கீழே, முன் எலும்பின் உள்பக்க ஓரமாக இருந்தால் இதைச் செய். ஒரே விரலால் மேலிருந்து கீழே அழுத்திக்கொண்டே போ. உள்ளங்கை நீளத்துக்குப் பரவலாக வலித்தால் ஒரு மாதிரி. கொஞ்ச நாள் ஓடாமல் இருந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஒரு நாணய அளவு இடத்தில் மட்டும் சுரீர் என்றால் வேறு. அப்படி என்றால் இந்தக் கடிதத்தை மடிப்பதற்கு முன் ஐஸ்கட்டியிடம் போ. எப்படி இருந்தாலும் அவரிடம் போ.

இப்போது அந்த ஒன்பது. இதை நான்கு தாள் எழுதிக் கிழித்துவிட்டேன். நீ சொன்னது பொய் எண் இல்லை. அந்த வாரம் நீ சுமந்தது ஒன்பதுதான், பத்துதான். நான் அதைக் காலில் தேடினேன். நிமிர்ந்து பார்த்திருக்கவேண்டும். பார்க்கவில்லை. மன்னித்துக்கொள். இதை எழுத இவ்வளவு நாள் ஆனதற்கும் சேர்த்து.

அக்கா


ஜூலை 12, ஞாயிறு

அக்கா,

நீ என்ன போலீஸா? இரண்டு எண்ணைப் பார்த்து நாய் வரைக்கும் போய்விட்டாயே. பேரைக்கூட விடவில்லை.

நீளம். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் கூட. நாணயம் இல்லை. இரண்டு காலிலும், வலது அதிகம். ஜூன் இரண்டாம் வாரத்திலிருந்து. காலையில் கட்டிலிலிருந்து இறங்கும்போது ஏணியில் முதல் படிதான் மோசம், அப்புறம் பழகிவிடும்.

ஆமாம், பிரேக்தான். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு கல் இருக்கிறது. அதில் உட்கார்ந்துகொண்டு பந்தைத் தூக்கிப் போடுவேன், அவன் போய் எடுத்துவருவான். என் பனியன் அவனுக்குக் கச்சிதம். வாரத்தில் இரண்டு ஓட்டமாவது கால் தப்பிக்கட்டும் என்றுதான் ஆரம்பித்தேன். பட்டியலில் மேலே வந்ததும் விட மனசில்லை.

ஆனால் இப்போது சொல்லமுடியாது அக்கா. பட்டியலுக்கு இன்னும் மூன்று வாரம்தான். சொன்னால் ஓடாதே என்பார்கள். ஓடாவிட்டால் பதினெட்டில் இல்லை. பதினெட்டில் இல்லையென்றால் வீடு. மறுபடி மடிப்புக் கலையாத சட்டையோடு என்னை நிற்கச் சொல்கிறாயா? நீ யாருக்கும் எழுதக்கூடாது. சத்தியம் பண்ணு.

மன்னிப்பைப் படித்தேன். இரண்டு தரம்.

பம்பரம்


ஜூலை 15, புதன்

அன்புள்ள பம்பரத்துக்கு,

சத்தியம் பண்ணமாட்டேன். ஒளிக்காமல் சொல்கிறேன்: நாணய அளவு என்று எழுதியிருந்தால் இந்நேரம் உங்கள் பள்ளிக்கு போன் போட்டிருப்பேன், நீ ஆயுசுக்கும் என்னோடு பேசாவிட்டாலும் பரவாயில்லை என்று. நீளம் என்றதால் போனைக் கீழே வைத்தேன். பிசியோ எண் என் நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. தினமும் பார்க்கிறேன். அடுத்த வெள்ளிவரைதான் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியும்.

ஒரு தரம் உனக்காக நான் முடிவு செய்தேன். உன்னைக் கேட்காமல், உன் முகத்தைக்கூடப் பார்க்காமல். இன்னொரு தரம் அப்படிச் செய்ய மனசு வரவில்லை. இந்தப் புள்ளியை நீயே வை.

ஆகஸ்ட் மாதம் உன்னை உட்கார வைப்பார்களா? வைக்கலாம். அதை இல்லை என்று சொல்லி ஏமாற்ற மாட்டேன். ஆனால் பதினேழு வயதில் ஏழாவது வாரம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். நீ இப்போது ஐந்தாவது வாரத்தில் இருக்கிறாய்.

நீ திரும்பி வந்தால் அம்மா பெட்டியைத் துடைப்பாள், நான் பூட்ஸைத் துடைப்பேன். அதைவிடப் பெரிதாக ஒன்றும் நடந்துவிடாது. நீ பயப்படுகிற வீடு இதுதான், ஞாபகம் இருக்கட்டும்.

அக்கா


ஜூலை 21, செவ்வாய்

அன்புள்ள அக்காவுக்கு,

உட்கார்ந்து படி. அம்மாவையும் கூப்பிடு. இல்லை, முதலில் நீ படித்துவிட்டு அப்புறம் கூப்பிடு.

நேற்று காலைப் பயிற்சிக்கு முன்னால் எல்லாரும் வரிசையில் நின்றிருந்தோம். விசில் வந்தார். அவரை ஐஸ்கட்டி அறைக்குத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லவேண்டும் என்றுதான் ராத்திரியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன். ஆனால் அதற்குள் புல் வெட்டுகிற அண்ணன் பிரேக்கைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். நிஜமாகவே தூக்கிக்கொண்டு, குழந்தை மாதிரி. நாலு காலும் தொங்குகிறது.

"ரெண்டு வாரமா ஒழுங்கா சாப்பிட மாட்டேங்குது சார். படுத்தா எழுந்திரிக்கிறதில்ல. இந்தப் பொண்ணுங்க ஏதாவது தின்னக் குடுத்துட்டாங்களான்னு கேளுங்க."

என் கால் வலித்தபோது வராத அழுகை அந்த நாயைப் பார்த்ததும் வந்துவிட்டது. வரிசையைவிட்டு வெளியே வந்தேன். "சார், அது என்னாலதான். எனக்குக் கால் வலி. அதனால என் பனியன போட்டு அத ஓடவிட்டேன்."

விசில் என்னைப் பார்க்கிறார், நாயைப் பார்க்கிறார். அப்போது பின்னால் யாரோ மெதுவாக, "நானும் சார்" என்றாள்.

திரும்பிப் பார்த்தால் பக்கத்து அறைக்காரி. அவளுக்குப் பக்கத்தில் இன்னொருத்தி, "நானும்." இன்னொருத்தி. அக்கா, ஏழு பேர்! ஒவ்வொருத்தியும் இது தன் சொந்த மூளையில் உதித்தது என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஐந்து மணிக்கு அவன் எனக்காக ஓடியிருக்கிறான். ஆறு மணிக்குப் பக்கத்து அறை மூன்று பேருக்காக, மூன்று பனியனையும் ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு. கடைசியாகக் கையைத் தூக்கியது யார் தெரியுமா? எக்ஸ்பிரஸ். "புதன்கிழமை மட்டும் சார்" என்றாள். அவளுக்குத் தொடை பிடித்துக்கொண்டு ஒரு மாதமாம்.

ஐஸ்கட்டி ஓடிப்போய்த் திரையைப் போட்டுப் பார்த்தார். ஒரு வெள்ளிக்கிழமை மூன்று பெண்கள் அடிக்கு அடி ஒரே பாதையில் போயிருக்கிறார்கள், வேலிக்கு அடியில் இருக்கிற சாக்கடைக் குழாய் வழியாக. கூட்டிப் பார்த்துவிட்டு, "சார், இந்த ஸ்கூல்லயே அதிக சுமை நாய்க்குத்தான் சார்" என்றார்.

விசில் சிரித்தார். வாயில் விசிலோடு ஒருவர் விழுந்து விழுந்து சிரித்தால் என்ன சத்தம் வரும் என்று உனக்குத் தெரியாது. மைதானத்தின் அந்தப் பக்கம் ஆடிக்கொண்டிருந்த சின்னப் பிள்ளைகள் எல்லாம் ஆட்டத்தை நிறுத்திவிட்டு அப்படியே நின்றுவிட்டார்கள்.

அப்புறம் அதை வாயிலிருந்து எடுத்தார். முதல் தடவை. "யாருக்கெல்லாம் வலி? உட்காருங்க" என்றார். அறுபத்திரண்டு பேரில் முப்பத்தொரு பேர் உட்கார்ந்தோம். அவர் முகம் சிரிப்பெல்லாம் போய் வேறு மாதிரி ஆகிவிட்டது. நேராக சாப்பாட்டு அறைக்குப் போய்க் கதவிலிருந்து பட்டியலைக் கிழித்தார்.

என் காலை ஐஸ்கட்டி பார்த்தார், டாக்டரிடம் படமும் எடுத்தாயிற்று. எலும்பில் விரிசல் கோடு இல்லை. மூன்று வாரம் ஓட்டம் இல்லை. சைக்கிள், நீச்சல், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக. பதினெட்டு பேரில் நான் இருக்கமாட்டேன் என்று விசில் நேராகவே சொன்னார். அழுதேன். ஐஸ் பை கொடுத்தார்கள்.

பிரேக்குக்கு நாலு நாள் முழு ஓய்வு, இரண்டு முட்டை கூடுதல். நாங்கள் ஏழு பேரும் முறை போட்டுக் கால் பிடித்துவிடுகிறோம்.

வேடிக்கை பார், இன்று காலை ஏணியில் இறங்கும்போது வலித்தது, நான் "அம்மா!" என்று கத்தினேன். ஐந்து வாரமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கியிருக்கிறேன். கத்துவதில் எவ்வளவு சுகம் இருக்கிறது!

உன் பம்பரம்
(தற்போது சுற்றவில்லை)


ஜூலை 27, திங்கள்

அன்புள்ள பம்பரத்துக்கு,

அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். சாக்கடைக் குழாய் வந்ததும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். முப்பத்தொரு பேர் உட்கார்ந்தது வந்ததும் அழுதுவிட்டாள். முடித்ததும் முதல் கேள்வி, "அந்த நாய் இப்ப சாப்பிடுதாமா?"

நான் உன்னைப் பாராட்டி ஒரு பத்தி எழுதினேன். பள்ளி ஆண்டு விழாப் பேச்சு மாதிரி இருந்தது, அடித்துவிட்டேன். நீயே ஊகித்துக்கொள்.

இங்கே ஒரு மாற்றம். ஸ்டூலைத் திருப்பிப் போட்டிருக்கிறேன், வருகிறவளின் முகம் வெளிச்சத்தில் தெரிகிற மாதிரி. எண்ணை எழுதுவதற்கு முன் நிமிர்கிறேன். நேற்று அந்தச் சின்னப் பெண் "ஏழு" என்றாள். "ஏன்?" என்றேன். ஷூ சின்னதாகிவிட்டது, வீட்டில் சொல்லவில்லை என்றாள். இன்னொருத்தி "எட்டு" என்றாள். அவள் சிநேகிதி மூன்று நாளாகப் பேசவில்லையாம். ஒருத்தி "ரெண்டு" என்றாள். ஏன் என்றேன். "இன்னிக்கு ஜாலியா இருந்துச்சுக்கா, அதுக்குக்கூடக் காரணம் வேணுமா?" இருபது பேரை முடிக்க ஒரு மணி நேரம் ஆகிறது. கோச் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "இது கணக்கெடுப்பா, கதாகாலட்சேபமா?" என்றார்.

உன் பூட்ஸைத் துடைத்து வைத்தேன். அம்மா பார்த்துவிட்டாள். "யாரைக் கேட்டு எடுத்தே?" என்று மறுபடி பால்கனியில் கொண்டுபோய் வைத்தாள்.

அக்கா


ஆகஸ்ட் 30, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

ஒன்றாம் தேதிப் பட்டியலில் நான் இல்லை என்று போனில் சொன்னேன். ஆனால் பதினெட்டு பேருக்கும் கீழே பென்சிலால் பத்தொன்பது என்று போட்டு என் பேரை எழுதியிருந்தார் விசில். பக்கத்தில், 'கால் சரியென்றால்'. அதை உன்னிடம் சொல்லவில்லை. பென்சில்தானே, அழிந்துவிடும் என்று பயம்.

இப்போது ஐஸ்கட்டி தினமும் அரை மணி கழித்து ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டு எண் கேட்கிறார். உன் முறைதான், நான்தான் சொல்லிக்கொடுத்தேன். "எழுதுறதுக்கு முன்னாடி நிமிர்ந்து பாருங்க சார், அது ரொம்ப முக்கியம்" என்று சொல்லிவைத்திருக்கிறேன். மனுஷன் அளவுக்கு மீறி, கண் கொட்டாமல் பார்க்கிறார்.

நேற்று முதல் போட்டி. வியாழக்கிழமை எக்ஸ்பிரஸ் அவரிடம் "ஒன்பது" என்றாளாம். ஏன் என்று கேட்டிருக்கிறார். தொடை மறுபடி இழுக்கிறது என்று தானாகவே சொல்லியிருக்கிறாள். அவளை உட்கார வைத்தார்கள். என் பேரைப் பேனாவால் எழுதினார்கள்.

கடைசி இருபது நிமிஷம் இறங்கினேன். கோல் போடவில்லை. ஆனால் இரண்டாவது கோலுக்குப் பந்து என் காலிலிருந்துதான் போனது. வேண்டுமென்றால் கோல்கீப்பரைக் கேள், அவள் தன் கம்பத்திலிருந்து பார்த்தாளாம். இரண்டுக்கு ஒன்று. ஜெயித்தோம்! கால் வலிக்கவில்லை. தொட்டுப் பார்த்துக்கொண்டே ஆடினேன்.

முடிந்ததும் போட்டோவுக்கு நின்றோம். எக்ஸ்பிரஸ் ஓரமாக வந்து நின்றாள், சிரித்துக்கொண்டு. அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். அந்தச் சட்டையும் தெரியும். போட்டோக்காரர் ரெடி என்றபோது, "இருங்க இருங்க" என்று ஓடிப்போய் என் தண்ணீர் பாட்டிலை அவள் தலையில் கவிழ்த்துவிட்டேன். முழுசாக. "அடிப்பாவி!" என்று கத்திக்கொண்டு அவள் என்னைத் துரத்தினாள். தொடையைப் பிடித்துக்கொண்டே. விசில் ஊதி ஊதிப் பார்த்தார், யாரும் நிற்கவில்லை. பிரேக்கும் சேர்ந்துகொண்டான்.

போட்டோ இணைப்பு. எண்ணிப் பார். பத்தொன்பது சட்டை, எல்லாம் ஈரம்.

அட்டையும் இணைப்பு. தூக்கம் 8. வலி 1. சோர்வு 4. பசி 10. மனநிலைக்குக் கட்டம் போதவில்லை. ஆடியது இருபது நிமிஷம். எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்ற இடத்தில் 9 போட்டிருக்கிறேன். இருபது நிமிஷத்துக்கு ஒன்பது கொஞ்சம் அதிகம்தான்.

உன் பம்பரம்


செப்டம்பர் 3, வியாழன்

அன்புள்ள பம்பரத்துக்கு,

ஏன்?

அக்கா

பி.கு: பதிலைத் தபாலில் போடாதே. ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் நானும் அம்மாவும் வருகிறோம். உன் பழைய பூட்ஸை அம்மாவே பால்கனியிலிருந்து எடுத்துப் பையில் வைத்துவிட்டாள். பிரேக்குக்கு ஒரு டஜன் முட்டை. நோட்டை எடுத்துவரவில்லை.